பின்வரிசையும் கமலைக் குரலும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டதால் எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்பத்தில் இப்போது பந்து விளையாடும் இளவட்டங்கள், புதுப் பந்துக்காக ஆடிய அந்த ஆட்டத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

பதினைந்து வருடம் இருக்கும். எங்களிடம் ஒரே ஒரு தோல் பந்துதான் இருந்தது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அது சுரைக்காய் மாதிரி ஆகி, ஒரு ஆட்டம் முடிவதற்குள் காற்று இறங்கிவிடும். புதிதாக வாங்க எங்களுக்கு வழியில்லை. தை அறுப்பு முடிந்ததும், மரக்கடை முதலாளி ஒருவர் சுருளிப்பட்டிப் பாதையோர வயலில் ஆட்டம் வைத்தார். ஜெயிக்கிற அணிக்குப் புதுப் பந்து. தோற்றால் எங்கள் விளையாட்டு அதோடு சரி.

எதிரணி மலையில் ஏலத்தோட்டங்களில் வேலை பார்ப்பவர்கள். பூட்ஸ் போட்டு ஆடுவார்கள். முந்தின வருடம் எங்களை அடித்துத் துவைத்திருந்தார்கள். பந்து போகிற இடத்துக்கெல்லாம் நாங்கள் மொத்தப் பேரும் ஓடியதுதான் காரணம்.

எங்கள் கேப்டன் பஸ் டிரைவர். மதுரையில் ஆட்டங்கள் பார்த்தவர். அப்போதெல்லாம் முன்னால் ஐந்து பேர், கடைசியில் இரண்டே பேர் நிற்பதுதான் வழக்கம். அவர் அதை மாற்றினார். கோல் காக்கிற கோலிக்கு முன்னால் மூன்று பேர். அவர்களுக்கு முன்னால் ஐந்து பேர். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கேப்டனும், எங்களில் வேகமாக ஓடக்கூடிய பஞ்சு மூட்டை தூக்குபவரும்.

"அவுக ஏறி வரட்டும். நாம ஒண்ணா பின்னால இறங்கணும். அவுக கடைசி ரெண்டு பேரும் ஆசப்பட்டு மேல வருவாக. அப்பப் பந்தப் பறிச்சு அவுக தலைக்கு மேல அடிச்சிரணும். அங்கன வெறும் வயலுதான் கெடக்கும்" என்றார்.

"எப்ப இறங்குறது, எப்ப ஏறுறதுன்னு யாருண்ணே சொல்றது?" என்று கேட்டான் எனக்கு வலப்பக்கம் நிற்கும் என் மச்சான்.

"நடுவுல நிக்கிறவன்தான். அவனுக்குத்தான் அங்கயிருந்து எல்லாம் தெரியும்."

கடைசி மூவரில் நடுவில் நிற்பவன் நான். அங்கே பேச வேண்டியதில்லை என்றுதான் அந்த இடத்துக்கே போயிருந்தேன்.

"இவனா? பொண்ணு பாக்கப் போன எடத்துலயே வாயத் தொறக்கல, அண்ணே!" என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் பாதியில் அவன் சொன்னதுதான் நடந்தது. அவர்கள் ஏறி வருவது தெரிந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சிலர் இறங்கினார்கள், சிலர் நின்றுவிட்டார்கள். நடுவே விழுந்த இடைவெளியில் புகுந்து ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

இடைவேளையில் கேப்டன், "ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா? புதுப் பந்து போகுதுடா!" என்றார்.

"கமலையில மாட்டுக்கிட்ட மட்டும் ஊருக்கே கேக்கக் கத்துவான்" என்றான் மச்சான்.

கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைப்பதுதான் என் வேலை. மாடுகள் பின்வாங்கி மேட்டில் ஏறினால் தோல் சால் கிணற்றுக்குள் இறங்கும். முன்னால் சரிவில் நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். இரண்டுக்கும் வேறு வேறு குரல்.

மறுபாதியில் அவர்கள் திரும்பவும் ஏறி வந்தார்கள். யோசிக்காமலே அந்தக் குரல் வந்துவிட்டது. "பின்னே... பின்னே... ஏ பின்னே..." எட்டுப் பேரும் ஒன்றாகப் பின்வாங்கினோம். அத்தனை பேரும் கமலையில் மாடு ஓட்டியவர்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எதிரணிக்காரர் ஒருவர் நின்று, "எந்தா இது?" என்று மலையாளத்தில் கேட்டார். அவர்களுடைய கடைசி ஆட்களும் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். மச்சான் காலில் பந்து சிக்கியது. "ஓடு ராசா, ஓடு ஓடு!" என்று கத்தினேன். பந்து தலைகளுக்கு மேலே போனது. மூட்டை தூக்குபவர் தனியாக ஓடிக் கோல் போட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் அவரையே காவல் காத்தார்கள். அதனால் கேப்டனைச் சுற்றி ஆள் இல்லை. கடைசியில் அடித்த கோல் அவருடையது. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

கேப்டன் புதுப் பந்தை என் கையில் கொடுத்து, "கத்துனவன் தூக்கிட்டு வா" என்றார். வழியெல்லாம் என் பின்னால் "பின்னே... பின்னே..." என்று கேலி. நான் தலையைக் குனிந்துகொண்டு வரப்பு வழியே நடந்தேன். பந்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

நின்ற இடங்கள் மேலே எழுதியபடிதான். அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டியவர்கள் காலையில் கிணற்றுப் பக்கம் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

விய வருடம், ஐப்பசி மாதம் 7ஆம் தேதி.