பரவும், பரவாயில்லை

முரசுமோட்டையில் ‘பரவும்’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். மதகைத் திறந்தால் தண்ணீர் வயலில் பரவும். மழை விட்டால் காய்ச்சல் பரவும். யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்ற கதை, அவள் போய்ச் சேருமுன்பே கண்டாவளை வரைக்கும் பரவிவிடும். ஜெயரூபியின் வீட்டில் மட்டும் அதற்கு ஒரே பொருள்தான். புருஷன் சிவரூபன் நெல் விதைப்பவன். ஒரு வயலில் விழுந்த பூச்சி பக்கத்து வயலுக்குப் போவதைத்தான் அவன் பரவுவது என்பான்.

போன சிறுபோக நெல் விதைப்பின்போது ஜெயரூபியின் வலது மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. கொஞ்ச நாள் பார்த்தும் பாராமலும் இருந்தாள். அது பெரிதானதும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்றைக்குச் சரியான சனம். டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்து வெண்புள்ளி என்றார், பூசுவதற்கு மருந்து கொடுத்தார். இது பரவுமோ என்று அவள் கேட்டாள்.

“பரவும்தான். பரவாயில்லை, பயப்பிடாதேங்கோ.”

இரண்டு சொற்களில் முதலாவதை மட்டும் ஜெயரூபி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அன்றே அவளுடைய தட்டும் கிளாசும் பாயும் தனியாகின. சமைக்கும்போது கையில் பொலித்தீன் சொப்பின் பையைக் கட்டிக்கொண்டாள். மகள் மேனுகா முன்பள்ளிக்குப் போகிறவள். அவளுக்குச் சோறு தீத்துவது, தலை இழுப்பது எல்லாம் சிவரூபனின் பாடாயிற்று. அவன் பின்னிவிட்ட பின்னல்களில் ஒன்று காதுக்கு மேலே இருக்கும், மற்றது கழுத்தில் கிடக்கும்.

முதலில் பிள்ளை அழுதது. மடியில் ஏற வந்தபோதெல்லாம் ஜெயரூபி எழும்பிப் போனாள், தன் சாமானில் கை பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னாள். பிறகு அது வருவதையே விட்டுவிட்டது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பிறகொரு நாள் அவளே இதைச் சொல்லக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் தன் மகளைக் காப்பாற்ற நினைத்தவளை என்னவென்று திட்டுவது?

மாரி தொடங்குமுன் மறுபடி கிளினிக். மருந்து சரிவரவில்லை, வெள்ளை முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. அவள் அதைப் பற்றி முறையிடவேயில்லை. பிள்ளையில் ஒன்றும் வரவில்லை, இவ்வளவு நாளும் தான் பிள்ளையைத் தொடவே இல்லை என்று பெருமையாகச் சொன்னாள். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

“இது தொத்தாது அம்மா. பரவும் எண்டது உங்கட உடம்பிலதான். போய்ப் பிள்ளையைத் தூக்குங்கோ.”

பரந்தனில் பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஓட்டோ பிடித்து வந்தாள். மேனுகா முற்றத்தில் தகப்பனுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஜெயரூபி மண்ணில் குந்தியிருந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“வாங்கோ குஞ்சு. அம்மாவில இருக்கிறது உங்களுக்கு வராது.”

பிள்ளை தகப்பனைப் பார்த்தது. அவன் போகச் சொன்னான். கிட்ட வந்து, வெள்ளையான இடத்தை ஒற்றை விரலால் தொட்டது. சொன்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. தொட்டதும் நேரே கிணற்றடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு அந்த விரலைக் கழுவியது.