மீன்தொட்டி ஃபில்டரின் கழிவுநீர்

மீன்தொட்டிக்காக வீட்டில் ஆர்.ஓ. ஃபில்டர் ஓடுகிறது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் உப்புத் தண்ணீர் கழிகிறது. அதைப் பிடித்துத் தரை துடைப்பேன்.

இன்று பக்கத்து வீட்டுச் செல்வியக்கா குடத்தோடு வந்தார். அவர்கள் வீட்டு போர்வெல் வற்றி நான்கு நாளாகிறது. புதிதாகத் துளை போட போர் வண்டி விராலிமலையிலிருந்து வரவேண்டுமாம்.

“அந்த வேஸ்ட் தண்ணியக் குடுங்க தம்பி. துணி அலசிக்கிறேன்.”

“அது உப்புக்கா. குழாய்லயே பிடிச்சுக்கங்க.”

“வேணாம். ஒங்க போரும் வத்திட்டா மீனெல்லாம் என்ன செய்யும்? வீணாப் போற தண்ணியே எனக்குப் போதும்.”

கிண்டல் இல்லை. மீன்களுக்காக நிஜமாகவே கவலைப்பட்டார்.

அவர் அந்த உப்புத் தண்ணீரையே நிரப்பிக்கொண்டு போனதும் வெட்கமாகி ஃபில்டரை நிறுத்தினேன். பிறகு யோசித்து, அலுப்போடு மறுபடி போட்டேன். நிறுத்தினால் நாளைக்கு அவருக்குத் தண்ணீர் இல்லை.

இனி இது யாருக்காக ஓடுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.