செபஸ்தியான் சாரின் கையெழுத்து

தோவாளையில் பூ மூட்டைகள் ஏறி முடியும்வரை பஸ் நகராது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் பின்வாசலில் பிச்சிப்பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கண்டக்டரை முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் இயற்பியல் துறைத் தலைவர் போனில் கூப்பிட்டார். "டீச்சர், நம்ம செபஸ்தியான் சாரு போயிட்டாரு. விடியக்காலத்துல நெஞ்சுவலி வந்திருக்கு. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சிட்டாம்." எனக்கு உடனே அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பத்தொன்பது வருடம் என்னோடு சண்டை போட்டவர் இப்படிப் பாதியில் எழுந்து போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இனயம் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். எங்கள் கல்லூரியில் குவாண்டம் இயற்பியல் நடத்தினார். அதை நடத்திக்கொண்டே அதன் அதிசயங்களை நம்பாமலும் இருந்தார். அளக்கும்வரை ஒரு துகளுக்குத் திட்டமான நிலை கிடையாது, அளப்பதுதான் அதற்கு ஒரு நிலையைக் கொடுக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். நானும் அந்தக் கட்சிதான். அவரோ, "இருக்கது நாம பாக்கதுக்கு முன்னாலயே இருக்கு" என்பார். இந்தப் புதிர்கள் ஒவ்வொன்றையும் பழைய இயற்பியலாலேயே விளக்கிவிடலாம் என்று ஒரு புத்தகம் வேறு எழுதிவந்தார். மூன்று நோட்டுகள் நிறைந்திருந்தன.

எங்கள் முதல் சண்டை நான் வேலையில் சேர்ந்த வாரமே நடந்தது. ஆய்வகத்தில் இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்து வெளிச்சத்தை முழுக்க மறைத்தேன். நடுவில் மூன்றாவது தகட்டைச் சாய்த்து நுழைத்ததும் வெளிச்சம் திரும்ப வந்தது. தடுப்பைக் கூட்டினால் வெளிச்சம் கூடுகிறது பாருங்கள், இதுதான் அளவீட்டின் விந்தை என்று மாணவிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவருகே ஒரு தலை எட்டிப் பார்த்தது. "டீச்சர், பிள்ளைகளைப் பயமுறுத்தாதீங்க. அது சாதா அலை. நடுவுல உள்ள தகடு அலையைத் திருப்பி விடுது, அவ்வளவுதான்." ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், இது ஏன் கடந்தது, அது ஏன் நின்றது என்று உங்கள் அலை சொல்லுமா என்று கேட்டேன். "மொதல்ல டீ குடிப்போம்" என்றார். பதில் தெரியாதபோதெல்லாம் அவருக்கு டீ நினைவு வந்துவிடும்.

மாணவர்கள் அவரிடம் மாட்டிக்கொண்டு முழித்தது பூனைக் கதையில்தான். மூடிய பெட்டிக்குள் ஒரு பூனை, கூடவே ஒரு துகள் சிதைந்தால் விஷத்தைத் திறந்துவிடும் ஒரு கருவி. திறந்து பார்க்கும்வரை அது செத்தும் இருக்கிறது, உயிரோடும் இருக்கிறது என்று எந்தப் பையனாவது ஒப்பித்தால் போதும். "பூனைக்குத் தெரியும்லா மக்கா. பெட்டிக்குள்ள உள்ள கருவி அப்பவே அளந்தாச்சு. நாம லேட்டா வந்து பாக்கோம். லேட்டா வந்தவன் பாத்ததுனாலயா பூனை செத்துச்சு?" என்பார். ஒரு கரண்டி வெந்நீரில் தெர்மாமீட்டரை முக்கிக் காட்டுவார். "இது காட்டுகது வெந்நீரோட பழைய சூடா? இல்ல. கண்ணாடி கொஞ்சம் சூட்டைக் குடிச்சாச்சு. அளக்கப் போன கருவி பொருளைத் தொடுது. தொட்டா மாறும். இதுல மாயம் ஒண்ணும் கெடையாது."

பிறகு, ஏழு வருடத்துக்கு முன்னால், அந்தப் புயல் வந்தது. அவருடைய தம்பி கிளீட்டஸ் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தார். படகு திரும்பவில்லை. அதே நாளில் போன சில படகுகள் லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கி, ஆட்கள் மூன்று வாரம் கழித்துத் தாடியோடு வீடு வந்து சேர்ந்தார்கள். வேறு சிலருடைய உடல் கரை ஒதுங்கியது. கிளீட்டஸைப் பற்றி மட்டும் எந்தச் செய்தியும் வரவில்லை. தம்பி மனைவி ஸ்டெல்லா தினமும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தார். பெண் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அப்பா வரும்போது வீட்டில் இருக்க வேண்டுமாம். ஐந்து மாதம் இப்படியே போனது.

உடல் கிடைக்காதவர்களுக்கு அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வெறும் பெட்டிக்குள் இறந்தவரின் சட்டையையும் படத்தையும் வைத்துப் பூசை செய்து அடக்குவார்கள். அதற்குக் குடும்பத்தில் ஒருவர், ஆள் இறந்துவிட்டார் என்று பங்குக் கோயிலில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற வீடுகளில் மனைவி போட்டார், இல்லையென்றால் மனைவியைக் கேட்டுவிட்டு வேறொருவர் போட்டார். எங்கள் சார் யாரையும் கேட்காமல் தாமே போய்ப் போட்டார். அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் உருகிப் போவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் செய்தார். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. முந்தின நாள் என்னிடம் சொன்னார்: "அவன் போயாச்சு டீச்சர். நாம சொன்னாலும் சொல்லாட்டாலும் போயாச்சு. ஒரு தாள்ல எழுதுகதுனால என்ன மாறப்போவுது?" நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துவதில் மும்முரமாக இருந்தேன்.

வெறும் பெட்டி கல்லறைக்குப் போன அன்று நானும் இனயத்தில் இருந்தேன். ஸ்டெல்லா அழவில்லை. கூட்டத்தின் நடுவே சாரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "கடலு அவர கொல்லல்ல அத்தான். நீங்க ஒப்பு போட்ட அன்னைக்குத்தான் அவரு செத்தாரு." கையெழுத்தை அந்தப் பக்கம் ஒப்பு என்றுதான் சொல்வார்கள். அதன்பிறகு ஸ்டெல்லா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். பிள்ளைகள் பெரியப்பாவைக் கண்டால் உள்ளே ஓடினார்கள்.

ஒரு வாரம் கழித்துக் கல்லூரிக்கு வந்தவர், ஆசிரியர் அறையில் என் எதிரே உட்கார்ந்து, தாம் செய்ததில் என்ன பிழை என்று கேட்டார். உண்மையைத்தானே எழுதினேன் என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "தெர்மாமீட்டர் கதையைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்வீங்களா சார்? தொட்டா மாறும்னு சொன்னது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டேன். பல வருடச் சண்டையில் ஜெயித்த சொல் அது. அதைச் சொன்னதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

அவர் டீ குடிக்கப் போகலாம் என்று சொல்லவில்லை. "சரிதான் டீச்சர்" என்றார். "அவன் கடல்ல என்னைக்குச் செத்தாங்கது என் ஒப்பால மாறல்ல. ஆனா அவ வீட்டுல அவன் இன்னும் எத்தனை நாளு இருக்கணும்னு நான்லா முடிவு பண்ணிட்டேன். அது அவ முடிவு பண்ண வேண்டியது."

நான்காவது நோட்டை அவர் தொடங்கவே இல்லை. புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றினார். வகுப்பில் பூனைக் கதை வந்தால் பலகையில் சமன்பாட்டை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தார். வருடத்துக்கு ஒருமுறையாவது ஸ்டெல்லாவின் வாசலுக்குப் போய் நிற்பாராம். கதவு திறக்காது, திரும்பிவிடுவார். இதை அவர் மனைவி ரோஸ்லின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு ஒரு மனிதர் ஏழு வருடம் வாழ்ந்தார். அது கிடைக்காமலே செத்தும் போனார்.

புதன்கிழமை மதியம் அடக்கம். வீட்டில் பெட்டியை மூடும் முன் எல்லோரும் வரிசையாக வந்து கடைசியாக முகம் பார்த்தார்கள். மூடியை எடுக்க நான்கு பேர் குனிந்தபோது கூட்டம் விலகியது. வேலியைத் தாண்டி ஸ்டெல்லா வந்தார். தலைமாட்டில் நின்று சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவர் ரோஸ்லினைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒங்களுக்கு மொகம் பாக்கக் கெடச்சுதே அக்கா."

நேரமாகிறது, மூடலாமா என்று அந்த நால்வரில் ஒருவர் ரோஸ்லினிடம் மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்ட கேக்காதீங்க" என்றார் ரோஸ்லின். "அவகிட்ட கேளுங்க."

சார், உங்கள் மூன்று நோட்டுகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. உங்கள் கட்சியையும் வகுப்பில் சொல்வேன். என் மறுப்பையும் சொல்வேன். கடைசியாக ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று உங்கள் பெட்டியை மூட நாங்கள் அவசரப்படவில்லை. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும், ஸ்டெல்லா போதும் என்று சொல்லும்வரை காத்து நின்றோம். போய் வாருங்கள்.