கெடு வைக்காத காத்திருப்பு

அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், கணினிக்கு டிரைவர் எழுதுகிறவர். வெளியே செருகும் கருவியோடு கணினியைப் பேசவைக்கும் நிரல் அது. சொந்தக்காரர்களுக்கு இது புரிந்ததே இல்லை. மிக்சி ஓடாவிட்டாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவரும் வாயைத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொள்வார்.

வாய் திறப்பதெல்லாம் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் போனில் கூப்பிடும்போதுதான். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். இவர் பாடம் நடத்துவார்.

"கருவி சொல்றத அப்படியே நம்பாதே. எந்த நிமிஷமும் பிடுங்கிட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சு எழுது. பதிலுக்குக் காத்திருக்கணும்னா கெடு வை. கெடு தாண்டினா தப்புன்னு சொல்லிட்டு வெளியே வந்துடு. இல்லேன்னா மொத்த மெஷினும் நின்னுடும்."

கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடம். நான் தாமதமாகப் போனால் அக்கா, "உனக்குக் கெடு தாண்டிடுச்சுடி" என்று கதவைச் சாத்தப்போவது போல நடிப்பாள்.

அந்த அக்காவுக்குத்தான் நரம்பு நோய் வந்தது. பேச்சு போனது, கை கால் போனது. வலது கட்டைவிரல் மட்டும் மிச்சம். விரலுக்கடியில் ஒரு பட்டன். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வந்ததும் அழுத்துவாள். பட்டனைச் செய்த கம்பெனி மூடிவிட்டதால் புதுக் கணினி அதைச் சீந்தவில்லை. அத்தானே உட்கார்ந்து அதற்கு டிரைவர் எழுதினார். அதில் அவள் முதலில் சொன்னது, "சட்டையை மாத்துங்க, நாறுது." மனிதர் சிரித்துக்கொண்டே அழுதார்.

விரல் தளரத் தளர, அவர் கெடுவை நீட்டிக்கொண்டே போனார். அப்படியும் அழுத்தம் வராவிட்டால் 'பதில் இல்லை' என்று திரையில் வரும். அதைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கிவிடும்.

போன வாரம் ஒரு மத்தியானம் போனேன். திரை உறைந்து கிடந்தது. அதன் மூலையிலிருந்த கடிகாரம் இன்னும் காலையிலேயே நின்றிருந்தது.

"என்ன அத்தான், ஹேங் ஆயிடுச்சா?"

"கெடுவை எடுத்துட்டேன். அவ அழுத்தினா தானா ஓடும்."

காலையில் வந்த டாக்டர், விரலும் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்களே. அணைச்சுட்டு மறுபடி போடுங்க."

"போடுற நேரத்துல அழுத்திட்டான்னா? கேக்க ஆளில்லாம போயிடும்மா."

அப்போது அவருடைய போன் அடித்தது. யாரோ புதியவர்.

"மெஷின் நின்னுடுச்சா? கெடு வெச்சியா, இல்லையா?" என்றார் அத்தான், எப்போதும்போல அதே குரலில். "எவ்வளவு நேரந்தான் காத்திருப்பே? தப்புன்னு சொல்லிட்டு வெளியே வந்துடணும்ப்பா."

போனை வைத்துவிட்டு, நாற்காலியை அக்காவின் விரலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.