கோபிசங்கர் பந்து தூக்கிய ஞாயிறு

உரும்பிராயில் யாருடைய தண்ணீர் இறைப்பு மெசின் நின்றுபோனாலும் கோபிசங்கரைத்தான் தேடுவார்கள். நாற்பத்துமூன்று வயது. சத்தத்தைக் கேட்டே பிழையைச் சொல்லிவிடுவார். "உதுக்கு ஒண்டுமில்லை, பிளக்கிலை கரி" என்று துடைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒருகாலத்தில் இதே மனிதர் கூப்பிடாமலே வந்து மெசின் கழற்றியவர். இருபத்தெட்டு வயதில், ஒரு மாசி மாதம், நாலு நாள் நித்திரையில்லை, களைப்பும் இல்லை. தன் ஒழுங்கையில் வரிசையாக இருந்த ஒன்பது வீட்டு மெசின்களையும் ஒரே பகலில் பிரித்துச் சாக்கில் பரப்பினார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மெசினாக்கி ஊர் முழுவதற்கும் தண்ணீர் விடப்போவதாகச் சொன்னார். வெங்காயம் வாடிக்கொண்டிருந்த நேரம். திரண்டு வந்த ஒன்பது வீட்டாருக்கும் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவர், வருடப்பிறப்புக்குக்கூட எழும்பவில்லை.

மனம் ஏறினால் இறக்கக் குடித்தார். விழுந்தால் எழுப்பக் குடித்தார். செய்வினை என்றார்கள், நூல் கட்டினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் மனைவி உதயகலா. இருதுருவ நோய் என்று டொக்டர் பெயர் சொன்னார். ஒழுங்காகக் குளிசை போட்டால் நன்றாக வாழலாம், ஆனால் குடியும் குளிசையும் ஒரு வயிற்றில் ஒத்துப்போகாது என்றார். கேட்டுவிட்டு வந்த அன்றே கோபிசங்கர் குடித்தார். மூன்று தரம் விட்டார், மூன்று தரமும் தொட்டார். நாலாம் தரம் விட்டது நிலைத்தது. இந்த வைகாசியோடு ஐந்து வருடம். இன்றைக்கும் கள்ளுத் தவறணை இருக்கிற றோட்டால் போகமாட்டார், சுற்றித்தான் போவார். ஒன்பது மணிக்குக் குளிசை, பத்து மணிக்குப் படுக்கை.

குடியை விட்டதைவிட அவருக்குக் கஷ்டமாக இருந்தது சந்தோசப்படுவதுதான். மனம் கொஞ்சம் துள்ளினாலே, திரும்ப அது வருகுதோ என்று நெஞ்சு பதறும். வாயில் வந்த பாட்டை நிறுத்திவிடுவார். நல்ல பகிடிக்கும் அரைவாசிதான் சிரிப்பார்.

போன மாதம் கோபிசங்கரின் வீட்டுக்கு அருளம்பலம் வந்தார். இளந்தாரிக் காலத்தில் இருவரும் ஒரே அணியில் கரப்பந்து ஆடியவர்கள்.

"நாப்பது வயசுக்கு மேலை உள்ளாக்களுக்கு மச் வைக்கினம், மச்சான். கொக்குவில்காரரோடை. பந்து தூக்கிக் குடுக்க ஆளில்லை. நீ வா."

"ஏலாது. எனக்குத் துள்ளல் கூடாது."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த உதயகலாவின் குரல் வந்தது. "துள்ளாமல் தூக்குங்கோவன். நானும் வந்து பக்கத்திலை நிக்கிறன். கூடினால் சொல்லுறன்."

ஞாயிறு பின்னேரம் மைதானத்தில் வயிறுகள் பனியனைத் தள்ளிக்கொண்டு நின்றன. முதல் சுற்று தோல்வி. குளிசையால் கோபிசங்கரின் விரல்களில் ஒரு சின்ன நடுக்கம் உண்டு. பந்து இரண்டு தரம் நழுவியது. இரண்டாம் சுற்றில் விரல்களுக்குப் பழைய ஞாபகம் வந்தது. அவர் தூக்க, அருளம்பலம் அடித்தார், அந்தச் சுற்று உரும்பிராய்க்கு. மூன்றாம் சுற்றில் உரும்பிராய் பதினாலு, கொக்குவில் பதின்மூன்று, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. பந்து அவரிடம் வந்தது. அருளம்பலம் ஓடிவர, எதிரணியில் மூன்று பேர் அவரை மறிக்கப் பாய்ந்தார்கள். கோபிசங்கர் தூக்குவதுபோல் காட்டி, ஒற்றை விரலால் பந்தை வலைக்கு அப்பால் மெல்லத் தட்டிவிட்டார். அது யாருமில்லாத இடத்தில் பொத்தென்று விழுந்தது. சனம் எழும்பிக் கத்தியது.

பிறகு மைதானக் கட்டிடத்துக்குப் பின்னால் போத்தல் திறந்தார்கள். கொக்குவில் அணித்தலைவர் செல்வநாயகத்துக்கு எதுவும் தெரியாது. முதல் கப்பை நிரப்பி கோபிசங்கரிடம் கொண்டுவந்தார்.

"மச் வெண்ட ஆளுக்குத்தான் முதல். ஒண்டுதானே, அண்ணை."

சாராய வாசனை மூக்கில் ஏறியது. வாய் ஊறியது. பொய் சொல்லத் தேவையில்லை, நன்றாகவே ஊறியது. கோபிசங்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தம்பி, உங்களுக்கு ஒண்டெண்டால் ஒண்டு. எனக்கு ஒண்டெண்டால் ஒன்பது மெசின்!"

செல்வநாயகம் விழித்தார். உரும்பிராய்க்காரர் வெடித்துச் சிரித்தார்கள். "அதிலை ஒண்டு என்ரை!" என்றார் அருளம்பலம். கோபிசங்கரும் சிரித்தார், அரைவாசியல்ல, கண்ணில் தண்ணீர் வரும்வரை. சிரித்தபடியே மனைவியிடம் நடந்தார். அவர் தண்ணீரில் நெல்லிக்கிரஷ் கரைத்து வைத்திருந்தார். ஒரே இழுவையில் குடித்தார்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கடைசிப் பந்தைப் பற்றியே கதைத்தார். திடீரென்று நிறுத்தினார்.

"கலா, உண்மையைச் சொல்லும். நான் கூடிப்போறனோ?"

உதயகலா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "இப்ப மூண்டாந்தரம் சொல்லுறியள். முப்பதாந்தரம் சொன்னால் கிளினிக்குக்குப் போவம். புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ."

சாப்பிட்டார். குளிசையைப் போட்டார். தலையணையில் தலை பட்டதுதான் தெரியும்.

காலையில் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. தோள் ஏறவில்லை, முழங்கால் மடங்கவில்லை. மனம் ஏறிப் பறக்கிற அந்த நாட்களில் ஆணி ஏறினாலும் அவருக்கு நோகாது, நாலு நாள் விழித்தாலும் உடம்பு அலுக்காது. இப்போது கழுத்திலிருந்து குதிக்கால்வரை விண்விண் என்றது. எட்டு மணித்தியாலம் அடித்துப்போட்டதுபோல் நித்திரையும் கொண்டிருக்கிறார்!

"கலா! ஓடி வாரும்! எல்லா இடமும் நோகுது!"

உதயகலா பதறி ஓடிவந்தார். மனிதர் படுக்கையில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"நோகுதெண்டு ஆரும் இப்பிடிச் சிரிப்பினமோ?"

"இது அந்த வருத்தமில்லையப்பா, நோயில்லை. சும்மா சந்தோசம். எல்லாருக்கும் வாற சந்தோசம்!"

உதயகலா நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து முழங்காலில் தேய்க்கத் தொடங்கினார். "அருளம்பலண்ணை இப்பதான் போன் எடுத்தவர். வாற ஞாயிறும் மச் இருக்காம்."

"ஓம் எண்டு சொல்லும்," என்றார் கோபிசங்கர். "ஐயோ, மெல்ல!"