கம்ப்யூட்டரை ஓட வைத்த ஜவரம்மா

மண்டியா பக்கம் எங்கள் சர்க்கரை ஆலையில் மூட்டை தைக்கும் ஜவரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இனி லீவு கேட்பதும் கம்ப்யூட்டரில்தான் என்று உத்தரவு வந்தபோது அந்த வாயும் அடைத்துப்போனது.

ஆபீசில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஆலையில் வேகிற எங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கேன்டீனில் ஒன்றே ஒன்று. சர்க்கரைத் தூள் படிந்து, வந்த மாதமே அதற்குள் எறும்பு குடியேறிவிட்டது. கைப்பேசியில் லீவுப் பக்கம் திறக்காது. ஆபீசுக்குள் எங்களை விடமாட்டார்கள். செருப்பில் பாகு ஒட்டியிருக்குமாம். அவர்கள் காபியில் இனிப்பது மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

ஜவரம்மாவின் மகள் ரத்னிக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. லீவு இல்லாமல் நின்றால் வேலை போய்விடும். ஜவரம்மா ஆபீஸ் ஜன்னலில் நின்று கெஞ்சினாள்.

"கம்ப்யூட்டர்ல போடும்மா," என்றார் மேனேஜர் சேஷகிரி.

"அதுல எறும்பு இருக்கு சாமி."

"அப்ப அதையும் கம்ப்யூட்டர்ல புகார் பண்ணு."

ஆயுதபூஜை வந்தது. அன்று மட்டும் பொரி வாங்க எங்களை ஆபீசுக்குள் விடுவார்கள். சேஷகிரியின் கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை, நெற்றி நிறையக் குங்குமம். ஆரத்தி முடிந்தும் ஜவரம்மா நகரவில்லை.

"சாமி, பூஜை போட்ட மிஷினை ஒரு தரம் ஓட்டி நிறுத்தணும். நாங்க ஓட்டிட்டுத்தான் வந்தோம். இது மட்டும் சும்மா கெடக்கலாமா?"

சேஷகிரிக்குச் சாமி பயம் அதிகம். உடனே பட்டனைத் தட்டினார். திரை வெளிச்சமானது.

"வெறும் ஓட்டம் ஆகாது சாமி. நான் ஒரு மூட்டை தைச்சுட்டு வந்தேன். இதுவும் ஒரு வேலை செஞ்சாத்தானே வருஷம் பூரா நல்லா ஓடும்? என் லீவைப் போடுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். கையில் தேங்காயோடு அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொரியை மென்றபடி விண்ணப்பத்தைத் தட்டினார். அதற்கு அனுமதி தரவேண்டியவரும் அவரேதான், அதையும் தட்டினார். ஜவரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓடிருச்சுல்ல? அணைச்சிடறேன்," என்றார் சேஷகிரி.

"இருங்க சாமி, என் பூஜை இன்னும் முடியல," என்று பாய்லர் பொம்மேகவுடா தேங்காயை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை கேன்டீன் வரைக்கும் நின்றது.