மகளைப் பற்றிய ஜெபக்குறிப்பு

ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரசர் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, ஒரு வீட்டுச் சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறார் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஃபிரிட்ஜ் சுவரை விட்டு நகர்ந்து நடு அறையில் நிற்கிறது. அது எப்போதிலிருந்து குளிர்வதில்லை, அதன் கதவை யார் யார் சரியாக மூடுவதில்லை, இதை வாங்கும்போதே தான் வேண்டாம் என்று எப்படித் தலையால் அடித்துக்கொண்டார் என்று வீட்டுக்காரம்மா சொல்லிக்கொண்டே போகிறார். இவர் கண்ணைத் திறக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்துகிறார். "கொஞ்சம் பொறுங்கம்மா. நீங்க சொல்றத அப்புறம் கேக்குறேன். முதல்ல இது என்ன சொல்லுதுன்னு பாத்துடுறேன்." டிவியை நிறுத்தச் சொல்வார், மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். ஒரு வீட்டில் அழுகிற கைக்குழந்தையை மாடிக்குக் கொண்டுபோகச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆள் ஒல்லி. பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியால் அவரே ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார். வலது முழங்கையில் எந்த சோப்புக்கும் மசியாத கறுப்பு. ஃபிரிட்ஜுக்காகப் பரிந்து பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. "பாவம்மா இது. பின்னாடி பூரா தூசிய அடைச்சு, சுவரோட சுவரா ஒட்டி வச்சிருக்கீங்க. எப்படி மூச்சு விடும்? நம்மளா இருந்தா எப்பவோ கத்தி ஊரைக் கூட்டியிருப்போம்" என்பார். வீட்டுக்காரர்களுக்குக் குற்ற உணர்ச்சியே வந்துவிடும்.

இதே மனிதரை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். சபையில் இளைஞர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'நீள ஜெபம்'. "இன்னைக்கு முடிவு ஜெபம் யாரு? நீள ஜெபமா? அப்போ சாப்பாட்டுக்கு வர லேட்டாகும்னு வீட்டுக்குச் சொல்லிடு" என்று பின்வரிசையில் கிசுகிசுப்பார்கள். வீட்டு ஜெபக்கூட்டங்களில் அவர் முழங்கால் போட்டதும் அந்த வீட்டுப் பெண்கள் யாராவது ஓசைப்படாமல் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவார்கள். சிருஷ்டிப்பில் ஆரம்பித்து, தேசங்களை ஆளுகிறவர்கள், கடல் பயணம் செய்கிறவர்கள், விதவைகள், திக்கற்ற பிள்ளைகள் என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டு வாசலுக்கு வருவார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் வேறு கதை. குடும்ப ஜெபத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வதெல்லாம் பக்கத்தில் முழங்காலில் இருப்பவர்களுக்குத்தான். "பரம தகப்பனே, இந்த வீட்டில் விளக்கை அணைக்காமல் போகிறவர்களுக்கு உணர்வுள்ள இருதயத்தைத் தந்தருளும். அண்டை வீட்டாரோடு வாசலில் நின்று வீண் பேச்சுப் பேசுகிற நாவைக் காத்துக்கொள்ளும்." நாவுக்குச் சொந்தக்காரி, அதாவது அவர் மனைவி, அதற்கும் சேர்த்து ஆமென் சொல்வார். வேறென்ன செய்வது? ஜெபத்தை எதிர்த்து யாரால் வாயாட முடியும்?

ஒரு ஃபிரிட்ஜுக்காக ஒரு வீட்டையே வாயடைக்க வைக்கிறவர், ஆண்டவருக்கு மட்டும் ஏன் மூச்சுவிடக்கூட இடம் கொடுப்பதில்லை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அப்படித் தோன்றுவதற்கு ஒரு பெரிய அடி வேண்டியிருந்தது. அதை அடி என்பதைவிட அவமானம் என்பதே சரி. அதிலும் பெரும்பங்கு அவர் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மகள் ஒரே பிள்ளை. கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தவள் ஒரு பெட்டியோடு வந்தாள். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னாள். சும்மா வந்தவள் குளிர்கால உடுப்புகளையும் ஏன் கொண்டுவந்தாள் என்று தாய் கேட்டபோது பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஒரு மாலை, அவர் பின்வாசலில் உட்கார்ந்து தாமிரக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, அவர் வேற ஒருத்தியோட இருக்கார். என்னைப் போகச் சொல்லிட்டார். யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மாகிட்டயும் இப்போ வேண்டாம், நானே சொல்றேன்." துடைத்துக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்தார். "நான் ஏம்மா சொல்லப்போறேன்" என்றார். அந்த நேரத்தில் அதை உண்மையாகத்தான் சொன்னார்.

அந்த வார வீட்டு ஜெபக்கூட்டம் அவர் வீட்டில். யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்வதற்கு ஜெபக்குறிப்பு என்று பெயர். கூட்டம் நடத்துகிறவர், "யாருக்காவது ஜெபக்குறிப்பு இருக்கா?" என்று கேட்டார். முழங்கால் வலி, வீசா, பரீட்சை எல்லாம் வந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை அதுவரை காப்பாற்றினார். ஆனால் முடிவு ஜெபம் அவருக்கு வந்தது. மனிதர்களிடம் சொல்லாதே என்றுதானே மகள் சொன்னாள், ஆண்டவரிடம் சொல்வதற்கு என்ன என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். அன்று உலகத்தைச் சுற்றவில்லை, நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். "தகப்பனே, வாழாவெட்டியாக வந்து நிற்கிற என் ஒரே மகளைக் கண்ணோக்கிப் பாரும். அந்த அந்நிய ஸ்திரீயின் கண்ணியிலிருந்து என் மருமகனை விடுவித்தருளும்." குரல் நடுங்கியது. அறை முழுவதும் விம்மல். 'ஆமென்', 'ஆமென்' என்று நாலாபக்கமும் எழுந்தது. அவர் வாழ்நாளில் அப்படியொரு ஜெபம் ஜெபித்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது மகள் தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தரையில் முழங்காலில் இருந்த மனைவி திரும்பி மகளைப் பார்த்தார். பெற்ற தாய்க்கும் அப்போதுதான் தெரியும். மகள் தட்டை எல்லாரிடமும் நீட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொருவரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பையை எடுத்தார்கள். ஒருவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஒருவர், "அந்தப் பொண்ணு யாரும்மா, நம்ம சபையா?" என்று தணிந்த குரலில் கேட்டார். தகப்பனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் சண்டை இல்லை, முறைப்பு இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவாள். அவர் அறைக்குள் வந்தால் பாதிப் பேச்சில் நிறுத்தித் தாயைப் பார்ப்பாள். வீட்டில் அவரைச் சுற்றி ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சரிசெய்யப் பார்த்தார். மகளின் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, வழக்கத்தைவிடக் குரலை உயர்த்தி, "அறியாமல் தவறிய அடியேனை மன்னிக்கிற மனதை என் பிள்ளைக்குத் தாரும் ஆண்டவரே. ஒரு வார்த்தை பேசும் ஆண்டவரே, நான் கேட்கிறேன்" என்று மன்றாடினார். சுவருக்கு அந்தப் பக்கம் பதில் இல்லை. மேலேயிருந்தும் இல்லை. போதகரிடம் போய், "ஆண்டவர் பேச மாட்டேங்குறார் ஐயா" என்று முறையிட்டார். காத்திருக்கச் சொன்னார் போதகர். காத்திருப்பது என்றால் இன்னும் அதிகமாக ஜெபிப்பது என்று இவர் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் மனைவிதான் வாயைத் திறந்தார், அதுவும் துணி மடித்துக்கொண்டே. "ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? ஊர்ல இருக்கிற ஃபிரிட்ஜுக்கெல்லாம் காது கொடுக்குறீங்க. ஆண்டவர் பேசணும்னு கேக்குறீங்க, நல்லது. அவர் எப்போ பேசுவார்? நீங்க இருமுறப்பவா? போகட்டும், சுவத்துக்கு இந்தப் பக்கமிருந்து யார்கிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க? அவர்கிட்டயா, இவகிட்டயா?"

கோபம்தான் முதலில் வந்தது. தெய்வ காரியத்தைக் கேலி செய்யாதே என்று சொல்ல வாயெடுத்தார். மடித்த துணிகளில் மகளின் குளிர்கால உடுப்புகளும் இருந்தன. அலமாரியில் நிரந்தரமாக வைப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தார் மனைவி. சரிந்து விழுந்த ஒன்றை எடுத்து அடுக்கின் மேல் வைத்தார்.

மறுநாள் காலையிலிருந்து பின்வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தொடங்கினார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்தில் வாயில் விரல் வைத்து உட்கார வைக்கப்பட்ட பிள்ளை மாதிரி இருந்தார். உள்ளே வார்த்தைகள் தானாக அணிவகுத்தன. 'பரம தகப்பனே' என்று எழும், விழுங்குவார். தேசங்களை ஆளுகிறவர்கள் வந்து நிற்பார்கள்; அனுப்பிவிடுவார். இப்படிப் பல காலைகள் போயின. ஆறுதலாக ஏதாவது வரும், மகள் வாழ்க்கை சீராகும் என்று ஒரு வாக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தார்.

வந்தது வேறு. அந்தக் கூட்டத்தில் தன் குரல் நடுங்கியது நினைவுக்கு வந்தது. அது முதலில் தானாகத்தான் நடுங்கியது. அறையில் விம்மல் எழுந்ததும் இன்னும் கொஞ்சம் நடுங்கவிட்டார். அது இனிமையாக இருந்தது. மகளின் வாழ்க்கை சிதறிக் கிடக்க, அவருக்கு அந்த ஆமென்கள் இனித்தன. 'அந்நிய ஸ்திரீ' என்ற சொல் நாவில் வந்தபோது அது பொருத்தமாக அமைந்தது என்றுகூட ஒரு திருப்தி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவருக்குக் காது மடல்கள் சுட்டன. சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. இது என் மனம் பேசுவதா, ஆண்டவர் பேசுவதா என்று கொஞ்ச நேரம் தடுமாறினார். தன் மனமாக இருந்தால் தனக்குச் சாதகமாக ஏதாவது சொல்லியிருக்கும். அதை அவர் நன்றாக அறிவார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு சகோதரி அக்கறையாகத்தான் கேட்டார். "மகள் காரியம் என்ன ஆச்சு அண்ணே? மருமகன் மனசு மாறினாரா?" எல்லார் முகமும் திரும்பியது. "சிஸ்டர், அதை நான் சொன்னதே தப்பு. அவ நம்பிச் சொன்னதை இங்க போட்டு உடைச்சுட்டேன். தயவுசெஞ்சு என்கிட்டயோ அவகிட்டயோ யாரும் கேக்காதீங்க" என்றார். இன்னும் நாலு வரி சேர்த்து உருக்கமாக முடிக்கலாம் என்று நாக்கு துடித்தது. உட்கார்ந்துவிட்டார். அன்று முடிவு ஜெபம் அவருக்கு வந்தபோது வேறு ஒருவரைக் காட்டினார். பின்வரிசை இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து மகளின் அறைக்கு நேரே போய்க் கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். "உன்கிட்டதான் சொல்லணும்மா. நீ சொன்னதை ஜெபம்னு பேர் வச்சு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அறியாமப் பண்ணலை. எல்லாரும் அழுதப்போ எனக்குப் பெருமையா இருந்துச்சு."

"தெரியும்ப்பா" என்றாள். "உங்க குரலைக் கேட்டப்பவே தெரிஞ்சுது." கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். தனக்கு மட்டும் தெரிந்த அசிங்கம் என்று நினைத்திருந்ததை அவள் அன்றைக்கே பார்த்துவிட்டு, தேநீரும் கொடுத்திருக்கிறாள். ஆண்டவர் முன்னால் வெட்கப்பட்டதைவிட அது அதிகமாகச் சுட்டது.

பிறகு வெகுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அவர் காலையில் உட்காருவார், வேலைக்குப் போவார், வருவார். குடும்ப ஜெபம் இப்போது நாலே வாக்கியம். விளக்கை அணைக்காமல் போகிறவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். மனைவிக்குத்தான் பழக்கம் விடவில்லை. ஜெபம் முடிந்த பிறகும் இன்னும் ஏதோ வரும் என்று கண்ணைத் திறக்காமல் முழங்காலிலேயே இருப்பார்.

ஒரு ஞாயிறு பிற்பகல், மனைவி அசந்து தூங்கிய நேரம். அவர் மேசையில் தனியாகச் சாப்பிட்டு முடித்தார். மகள் வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டை எடுக்க வந்தாள் என்று நினைத்து அவர் அதை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தட்டைத் தொடவில்லை.

"அப்பா, அவர் போன் பண்ணார்" என்றாள்.

மேற்கொண்டு அவள் சொன்னது அவருக்குச் சொன்னது, இங்கே எழுதுவதற்கில்லை. நடுவில் குரல் உடைந்து நிறுத்தினாள். முன்பானால் இந்த இடத்தில் அவர், "வா, முழங்கால் போடுவோம்" என்று தொடங்கியிருப்பார். இப்போதும் அவருடைய இரண்டு கைகளும் மேசை மேல் தாமாகவே ஒன்றையொன்று தேடிக் குவிந்தன. அவர் அதைக் கவனித்தார். கைகளைப் பிரித்தெடுத்து, நாற்காலியில் தன் தொடைகளுக்கு அடியில் சொருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்தார்.